முதிர்ச்சிவழிக் குழுப்பிரிப்பு

வளரிளம் கால்பந்து வீரர்களைப் பிறந்த ஆண்டை வைத்துப் பிரிக்காமல், உடல் எட்டியுள்ள வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆடவிடும் முறை. ‘பயோ பேண்டிங்’ என்ற பெயரில் இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் பரவியது. பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஷான் கம்மிங் இதன் முன்னோடிகளுள் ஒருவர்.

சிறுவனின் வயது, உயரம், எடை, பெற்றோரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு, அவன் பெரியவனானதும் எட்டக்கூடிய உயரத்தைக் கணிக்கிறார்கள். 1994இல் வெளியான காமிஸ்–ரோச் சூத்திரம் இதற்கு உதவுகிறது. கணித்த உயரம் 180 செ.மீ., இப்போதைய உயரம் 157 செ.மீ. என்றால் அவன் 87 விழுக்காடு வளர்ந்தவன். பிரீமியர் லீக் நடத்திய தொடக்கப் போட்டிகளில் 85 முதல் 90 விழுக்காடு வரை எட்டிய சிறுவர்கள் ஒன்றாக ஆடினர்.

வயதுவாரி அணியில் மீசை அரும்பியவனும் பால்முகம் மாறாதவனும் அருகருகே நிற்பார்கள். முன்னவன் தோளால் இடித்தே பந்தைப் பறித்துவிடுவான். பின்னவன் திறமை கண்ணில் படும் முன்பே கழித்துக்கட்டப்படுவான். இது பெரிய அநீதி. புதிய குழுவில் சிறியவன் பந்தைத் துணிந்து காலில் வைத்து ஆடுகிறான். முந்தி வளர்ந்தவனோ, உடல்வலு எடுபடாத நிலையில், பாஸ் கொடுக்கவும் இடம் பார்த்து நகரவும் கற்கிறான். அவனுக்கும் இதில் லாபம் உண்டு. ஆனால் மனமுதிர்ச்சியை இந்த உயரக் கணக்கு அளப்பதில்லை. அதனால் வயதுவாரிப் போட்டிகளுக்குத் துணையாகவே இது நடத்தப்படுகிறது.