கிங்ஸ் சர்க்கிளில் அமெரிக்கக் கோதுமை

கிங்ஸ் சர்க்கிளுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு மாமி சப்பாத்தி இட்டுக்கொண்டே சொன்னார்: "அறுபதுகள்ல ரேஷன் க்யூவுல நின்னு வாங்கின செவப்புக் கோதுமையை மறக்கவே முடியாதுப்பா. அரிசி சாப்பிட்ட வயிறு, பழகவே நாளாச்சு."

அது அமெரிக்கக் கோதுமை. அங்கே விளைச்சல் மிஞ்சியது; விவசாயிக்கோ விலை விழக்கூடாது. 1954-ல் பி.எல்.480 சட்டம் வந்தது. உபரி தானியத்தை நாம் ரூபாய் கொடுத்தே வாங்கலாம். ஆனால் 1965, 66-ல் மழை பொய்த்தபோது, அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதாமாதம் அளந்துதான் விட்டார். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

இதற்கு வழி தேடியவர்களில் இருவர் நம்ம ஊர்க்காரர்கள். உணவு அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம், விஞ்ஞானி, கும்பகோணம் எம்.எஸ்.சுவாமிநாதன். அயோவாவில் பிறந்த நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையில் 18,000 டன் விதை 1966-ல் வந்து இறங்கியது. தன் டெல்லி பங்களாவின் புல்தரையிலேயே கோதுமை விதைத்துக் காட்டினார் சி.எஸ். அவரே 1990-ல் மகாராஷ்டிர ஆளுநராக இந்த ஊருக்கு வந்தார்.

பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியதே என்பார்கள். நியாயமான குறைதான். மாமியிடம் சொன்னேன். "இருக்கலாம்ப்பா. ஆனா அடுத்த கப்பல் வருமான்னு பயந்தது நாங்கதானே?" என்றார்.

உங்க வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்களேன்.