கண்ணாடி மாளிகையும் தவளத்துக் கோப்பியும்

1851ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி, இலண்டன் ஹைட் பூங்காவில் விக்டோரியா இராணி ஒரு மாளிகையைத் திறந்துவைத்தார். செங்கல் சுவர் இல்லாத மாளிகை. வார்ப்பிரும்புத் தூண்கள், சுற்றிலும் மேலேயும் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் தகடுகள். 'கிறிஸ்டல் பெலஸ்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஐந்தரை மாதத்தில் 60 இலட்சம் வருகைகள்.

அதை வரைந்த ஜோசப் பக்ஸ்டன் பட்டம் பெற்ற கட்டடக்கலைஞரல்லர். ஒரு பிரபுவின் தோட்டக்காரர். பெரிய இலை அல்லி ஒன்றை வளர்க்கக் கண்ணாடி வீடு கட்டிப் பழகியவர். தூண், விட்டம், கண்ணாடி எல்லாம் ஒரே அளவில் பட்டறையில் செய்து, கொண்டுவந்து பொருத்துவதுதான் அவருடைய முறை. உள்ளே பொள்ளலான தூண்களே மழைநீர் இறங்கும் குழாய்களாகவும் வேலை செய்தன. 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதால் விலையும் கட்டுப்படியானது. அதனால்தான் ஒரு வருடத்துக்குள் அவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியது.

இதெல்லாம் ஆங்கிலேயன்ட பெருமை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். அந்தக் கண்காட்சியில் இலங்கைக்கும் ஓர் இடமிருந்தது. கறுவா, கோப்பி, தென்னைப் பொருட்கள் இங்கிருந்து போயின. அவற்றைக் கண்ணாடிக்குக் கீழே பார்த்தவர்களுக்கு அவை 'சிலோன்' பொருட்கள், அவ்வளவுதான். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றவர்கள் யார்?

அந்தக் காலத்தில் கோப்பி துரைமாரின் தோட்டங்களில் மட்டும் விளையவில்லை. மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் வீட்டுத் தோட்டங்களிலும் விளைந்தது. அதை வீடு வீடாக வாங்கிச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் வியாபாரிகள். பாதையில்லாத மலையிலிருந்து இறக்கியது தவள மாடு. முதுகின் இரு புறமும் பொதி தொங்க, மாடுகள் வரிசையாக நடக்கும். போகும்போது கோப்பியும் பாக்கும். வரும்போது உப்பும் கருவாடும் புடவையும். கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்றொரு பிரிவு இருந்தது. அதில் எங்கட மூத்தவாப்பாமார் கடமை செய்தார்கள். பெருந்தோட்டங்களிலோ, தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியாக நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் பழம் பறித்தார்கள். வழியிலேயே நோயில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். மாட்டோட்டிக்கும் பழம் பறித்தவளுக்கும் அந்த மாளிகையில் பெயரில்லை.

கண்காட்சி முடிந்ததும் மாளிகையைக் கழற்றி, இலண்டனின் தெற்கே சிடனமில் இன்னும் பெரிதாகக் கட்டி 1854இல் திறந்தார்கள். 1936 நவம்பர் 30ஆம் திகதி இரவு தீப்பிடித்தது. இரும்பும் கண்ணாடியும் எரியாது என்பார்கள். ஆனால் தளமெல்லாம் பலகை. விடியும்போது உருகிய கண்ணாடியும் வளைந்த இரும்புமே மிச்சம்.

மாளிகை போனாலும் அதன் வருமானம் போகவில்லை. 1851இல் கிடைத்த 1,86,000 பவுண் இலாபத்தில் தெற்கு கென்சிங்டனில் காணி வாங்கினார்கள். இன்று அங்கே பெரிய நூதனசாலைகள் நிற்கின்றன. பொருளைச் சேர்த்துவைத்துப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்ற அந்தக் காலத்து எண்ணம் கொழும்புக்கும் வந்தது. 1877இல் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்தவர் எங்கட சமூகத்து வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கிரகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலை மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதையே அவர் கேட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறோம். இந்தக் கதையில் பெயரோடு நிற்கிற எங்கட ஆள் அவர் ஒருவர்தான்.

ஊவாவில் அந்த மாளிகையின் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். இந்த மலைகளில் எழும்பிய பழைய தேயிலை 'ஸ்டோர்'களைப் பாருங்கள்: இரும்புத் தூண், தகரக் கூரை, மாடிக்கு மாடி வரிசையாகக் கண்ணாடி ஜன்னல். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வீசும் காய்ந்த கச்சான் காற்று மாடியில் பரப்பிய கொழுந்தை வாட்டும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணத்துக்கு அந்தக் காற்று ஒரு காரணம். கண்ணாடியும் இரும்பும் அங்கே காட்சிக்கல்ல, உழைப்புக்கு.

இப்போது பல ஸ்டோர்கள் பூட்டிக் கிடக்கின்றன. சிலதைப் பழைய இரும்புக்குக் கழற்றுகிறார்கள்; வேறு சில ஹோட்டலாகின்றன. ஹோட்டலானால் கட்டடமாவது பிழைக்கும். ஆனால் சுவரில் துரைமாரின் படம்தான் தொங்கும். கொழுந்து சுமந்தவரும், தோட்டத்துக்கு அரிசியும் புடவையும் கடனுக்குக் கொடுத்த கடை முதலாளியும் மறுபடி பெயரில்லாமல் போவார்கள்.

இந்தத் தவணை என் மாணவர்களுக்கு ஓர் ஒப்படை கொடுத்திருக்கிறேன். ஸ்டோரில் வேலை செய்த ஒரு பெரியவரிடம் போய், எந்த மாடியில் என்ன வேலை நடந்தது, யார் யார் செய்தார்கள் என்று கேட்டு, அவர் சம்மதித்தால் பெயரோடு எழுதி வரவேண்டும். வாசகர்களுக்கும் இதையே சொல்வேன். வீட்டுப் பெட்டகத்தில் தவளக் கணக்கோ, தோட்டக் கடையின் பழைய கடன் கொப்பியோ கிடந்தால், கறையான் தின்ன முன்னர் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.