பம்பாய்க் குடிக்கூலியின் வரலாறு

பிழைப்பை நாடி இம்மாநகரில் வந்திறங்கிய தமிழர் ஒவ்வொருவரும் முதலிற் கேட்ட கேள்வி, "தங்க இடம் கிடைக்குமா?" என்பதே. வேலை தேடுவதினும் வீடு தேடுவது அரிது என்பதை நாம் அனைவரும் பட்டு அறிந்துள்ளோம். இந்நிலை எவ்வாறு வந்துற்றது என்பதை ஆண்டு விழா மலரில் சிறிது ஆராய்வோம்.

கடலால் ஒடுக்கப்பட்ட குறுகிய நிலம் பம்பாய். பருத்தி ஆலைகள் பெருகியபோது மக்கள் வந்து குவிந்தனர். 'சால்' எனப்படும் கட்டடங்களில், நீண்ட தாழ்வாரத்தை ஒட்டிய சிற்றறைகளில் நெருக்குண்டு வாழ்ந்தனர். 1896-ஆம் ஆண்டில் பிளேக் நோய் பரவியது. அதன் விளைவாக 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு நிறுவப்பெற்றது. நம்மவர் பெரிதும் குடியேறிய மாட்டுங்கா, அந்த டிரஸ்டு வகுத்த திட்டத்தால் எழுந்த பகுதியேயாம். பின்னர் 1920-இல் தோன்றிய அபிவிருத்தி இலாகா, வர்லி, நாய்காம், சிவ்ரி முதலிய இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பிற்று. அவற்றில் ஏறத்தாழ 16,000 அறைகள். ஓர் அறையின் பரப்பு 160 சதுர அடி.

ஆயினும் தேவைக்கு ஏற்ப வீடுகள் பெருகவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் வாடகை ஏறவே, அரசாங்கம் 1918-இல் முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. இரண்டாம் போருக்குப் பின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1948 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1940 செப்டம்பர் 1-ஆம் நாள் இருந்த வாடகையே பழைய வீடுகளுக்கு நியாய வாடகையாயிற்று. வீட்டுக்காரர் நினைத்தபோது குடியிருப்பவரை வெளியேற்றுதலும் தடுக்கப்பட்டது. எளிய சம்பளக்காரர் பலர் இந்நகரிற் காலூன்றி, பிள்ளைகளைப் படிக்க வைத்தது இச்சட்டத்தின் நிழலிலேதான். அந்நன்மையை நாம் மறத்தலாகாது.

ஆனால் அந்நிழல் உள்ளே இருந்தவர்க்கே கிட்டியது. வாடகை அசையாது நின்றமையால் அறையை விடுவார் இல்லை. புதிதாக வருபவர் 'பக்டி' என்னும் பெருந்தொகை கொடுத்தே நுழைய வேண்டியதாயிற்று. தலைப்பாகை என்று பொருள்படும் அச்சொல், நம் காதில் 'பகடி' என்று விழுவதும் பொருத்தமே! சட்டம் தடுத்தும் அத்தொகை மறைவாகக் கைமாறியது. மாத வாடகையோ சில ரூபாய். உள்ளே புகவோ ஊரில் உள்ள நிலத்தை விற்க வேண்டும்.

கிடைக்கும் வாடகை பழுது பார்க்கவும் போதாமையால் கட்டடங்கள் நலிந்தன. மழைக்காலத்தில் இடிந்து உயிர்ப்பலி கொண்டன. 1969-இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைக்கப்பட்டபோது, அதற்கென வரி விதிக்கப்பட்ட பழைய கட்டடங்கள் 19,642. உறைந்த வாடகை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என உச்ச நீதிமன்றம் 1997-இல் உரைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2000 மார்ச்சு 31 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய வாடகையை ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் உயர்த்த இசைந்தது. பக்டியையும் சட்டத்துக்கு உட்பட்டதாக்கியது.

இன்று புதிதாக வருபவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது குறுகிய கால உரிம ஒப்பந்தமே. அவ்வாடகைக்குப் பழைய உச்சவரம்பு இல்லை. அதனோடு முன்பணம், தரகு, சாமான்களை ஏற்றியிறக்கும் செலவு. ஒப்பந்தம் முடிந்ததும் மீண்டும் அலைச்சல்.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. ஒருகாலத்தில் படுக்கைச் சுருளுடன் வந்து நின்ற நம்முட் பலர், இன்று வீட்டுக்காரராகி ஒப்பந்தத்தின் மறுபுறத்தில் அமர்ந்திருக்கிறோம். முன்பணம் கேட்கும்போதும், ஊரும் சாதியும் உணவும் வினவும்போதும், நம்மிடம் முன்னர் எவ்வாறு வினவினார்கள் என்பதை நினைத்தல் வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் வரைந்து பதிவு செய்தல் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. முன்பணத்தைத் தவணை தவறாது திருப்பித் தருதல் நம் மானத்துக்கு உரிய கடமை.

நமக்கு முதல் இரவில் தங்க இடம் தந்தவர் யாரோ ஒருவர் இருந்தார். இன்று ரயிலிலிருந்து இறங்கும் இளைஞனுக்கு அந்த ஒருவராக இருக்க நம்மால் இயலும்.