வீடியோ காலில் மருந்தாளுநர்: ஜப்பானில் எப்படி நடக்கிறது?

டாக்டரைப் பார்த்தாச்சு. மருந்து வாங்க இன்னொரு வரிசையா? ஜப்பானில் வெளிநோயாளி விரும்பினால் அதைத் தவிர்க்கலாம். மருந்துச் சீட்டு ஆஸ்பத்திரியில் இருந்தே மருந்தகத்துக்குப் போய்விடும். மருந்தாளுநர் செல்போன் செயலி வழியாக வீடியோவில் பேசுவார். மருந்து வீடு தேடி வரும்.

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில், போனில் பேசினாலே போதும் என்று அரசு தற்காலிகமாக அனுமதித்தது. அதே செப்டம்பரில் நிரந்தரச் சட்டம் அமலானது. ஆனால் அதில் வீடியோ கட்டாயம். போன் சலுகை 2023 ஜூலையோடு முடிந்தது.

முகம் பார்த்துப் பேசணும் என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு? "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் யாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். அட்டையை கேமரா முன்னால் காட்டினால்தான் மிச்சம் எத்தனை என்று தெரியும். இரண்டு டாக்டர்கள் ஒரே மருந்தை வேறு பெயரில் எழுதியிருந்தாலும் பிடிபடும்.

சாப்பாட்டையும் கேட்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் நாட்டோ சாப்பிடக் கூடாது. புளிக்க வைத்த இந்த சோயா, ஜப்பானியர்களின் காலை உணவு. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

இன்ஹேலர், தானே போட்டுக்கொள்ளும் ஊசி போன்றவற்றைத் திரையில் சொல்லித்தருவது கஷ்டம். சந்தேகம் இருந்தால் "நேரில் வாங்க" என்று மருந்தாளுநர் சொல்லலாம், முடிவு அவருடையது. டோஸை மாற்றுவது மட்டும் டாக்டர் கையில்.

மருந்து கொடுத்ததோடு வேலை முடியாது. தேவைப்பட்டால் இடையிலும் அழைத்து விசாரிக்க வேண்டும் என்று 2020 முதல் சட்டமே சொல்கிறது.