அம்புலி: ஒரு திகில் படமும் நம்ம ஊர் கிரகணமும்

2012 பிப்ரவரியில 'அம்புலி'ன்னு ஒரு தமிழ்ப் படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பெரிய ஹீரோ யாரும் கிடையாது. ஊருக்கே தெரிஞ்ச முகம்னா பார்த்திபன். ஹரி ஷங்கர், ஹரீஷ் நாராயண்னு ரெண்டு பேர் சேர்ந்து இயக்கினது. கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பார்க்கிற 3டி படம்.

டாக்டருக்கு சினிமாவுல என்ன வேலைன்னு கேட்பீங்க. அந்தப் படத்தோட மொத்தப் பயமும் ஒரு கர்ப்பிணியோட வயித்துல இருந்துதான் ஆரம்பிக்குது. அதனாலதான் எழுதறேன். கொஞ்சம் நீளமான இழை. பட்டு நெய்யற ஆரணியில உட்கார்ந்துகிட்டு சின்ன இழை விட்டா நல்லாவா இருக்கும்?

முதல்ல படம். கதை 1978-ல நடக்குது. ஒரு காலேஜ், ஒரு கிராமம், ரெண்டுக்கும் நடுவுல ஆள் உயரச் சோளக்காடு. பொழுது சாய்ஞ்சா யாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க. உள்ளே அம்புலி இருக்கு. அது பேய் இல்ல. சந்திர கிரகணத்தன்னிக்குப் பிறந்த ஒரு பிள்ளை, பாதி மனுஷன் பாதி மிருகமா வளர்ந்து நிக்குது. ஏன் அப்படி ஆச்சுன்னு தோண்டிக்கிட்டே போனா, கர்ப்பமா இருந்த அந்தத் தாய் மேல ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி செஞ்ச சோதனை வெளியே வருது. அந்த மிருகமா நடிச்சவர் கோகுல்நாத்.

தமிழ்ல அறிவியலையும் பயத்தையும் கலந்து படம் எடுத்தவங்க ரொம்பக் குறைவு. 1952-லயே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனியோட சேர்ந்து 'காடு' எடுத்தாங்க. யானைங்களுக்கு ரோமம் ஒட்டி, அழிஞ்சுபோன மாமூத்னு காட்டின படம். நம்பியார்கூட அதுல இருக்கார். 1963-ல எம்.ஜி.ஆர் - பானுமதி நடிச்ச 'கலை அரசி'. வேற கிரகத்து ஆள் பாட்டு கத்துக்க பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிட்டுப் போவான். (நம்ம ஊர் ஏலியனுக்குக்கூட சங்கீத ஞானம் வேணும்!) அதுக்கப்புறம் அங்கொண்ணு இங்கொண்ணுதான்.

அதனால 'அம்புலி' வந்தப்போ அதோட முயற்சிக்கே ஒரு மரியாதை கிடைச்சது. தமிழின் முதல் ஸ்டீரியோஸ்கோபிக் 3டி படம்னு விளம்பரம் பண்ணாங்க. அந்த 'முதல்'ங்கறதைக் கொஞ்சம் பார்த்துத்தான் எடுத்துக்கணும். 1985-லயே விஜயகாந்த் நடிச்ச 'அன்னை பூமி' 3டி-யில வந்தாச்சு. டிஜிட்டல் காலத்துல முதல்னு சொன்னா சரியா இருக்கும். 'அவதார்' 2009 டிசம்பர்ல வந்து உலகத்தையே கண்ணாடி மாட்ட வெச்சிருந்த சமயம். நான் படிச்ச விமர்சனங்கள்ல பெரும்பாலும் பேச்சு அதைப் பத்தித்தான். கை நீட்டறது நம்ம முகத்துக்கு வருது, சின்னக் காசுல பெரிய முயற்சி, பாட்டையும் காமெடியையும் குறைச்சிருக்கலாம்.

எல்லாம் நியாயமான பேச்சுதான். ஆனா இந்தப் படம் ஏன் பயமுறுத்துச்சுங்கறதுக்கு அதுல பதில் இல்ல. 3டி இல்லாம டிவியில பார்த்தாலும் அந்தக் கதை வயித்தைக் கலக்கும். காரணம், பாதிக் கதை நம்ம வீட்டுல ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தது.

தமிழ்ல அம்புலின்னா குழந்தைக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆள். பிள்ளைத்தமிழ்ல 'அம்புலிப் பருவம்'னு ஒரு பகுதியே உண்டு. நிலாவை, வா, வந்து எங்க குழந்தையோட விளையாடுன்னு கூப்பிடறது. 1947-ல இருந்து நம்ம வீட்டுப் பிள்ளைங்க படிச்ச கதைப் புத்தகத்துக்குப் பேர் 'அம்புலிமாமா'. அந்தப் பேரை ஒரு மிருகத்துக்கு வெச்சாங்க பாருங்க, அங்கேயே டைரக்டர்கள் ஜெயிச்சுட்டாங்க. ஏன்னா சோறு ஊட்ட நிலாவைக் காட்டற அதே வீட்டுலதான், கிரகணத்தன்னிக்கு அந்த நிலாவைப் பார்க்கக் கூடாதுன்னு கர்ப்பிணியை உள்ளே போட்டு கதவைச் சாத்தறாங்க.

எங்க ஊர்ப் பக்கம் என்னென்ன சொல்வாங்க தெரியுமா? சாப்பிடக் கூடாது. தண்ணி குடிக்கக் கூடாது. காய் நறுக்கக் கூடாது. மல்லாந்து நேரா படுக்கணும். ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்கக் கூடாது. தறி இருக்கற வீடுன்னா கூடுதலா ஒண்ணு, கத்திரியைத் தொடக் கூடாது. பட்டு இழை அறுந்தா முடிச்சுப் போட்டு நுனியை நறுக்குவாங்க இல்ல, அந்த வேலையும் கூடாது. மீறினா? பிள்ளை உதடு பிளந்து பிறக்கும்.

2023 ஜனவரி கடைசியில ஒரு நெசவாளர் வீட்டுப் பொண்ணுக்கு, நிறைமாசத்துல, மேலுதடு பிளவோட ஒரு பெண் குழந்தை பிறந்துச்சு. என்கிட்ட வந்தப்போ குழந்தைக்கு ஆறு நாள். தாய் தலை நிமிரவே இல்ல. பாட்டிதான் பேசினாங்க. "அன்னிக்கே சொன்னன் டாக்டரம்மா, கத்திரி எடுக்காதடீன்னு. கேக்கல. கிரகணம் கடிச்சிடுச்சி."

அவங்க சொன்னது 2022 நவம்பர் 8 கிரகணம். சாயங்காலம் நிலா எழும்பும்போதே கடிபட்ட மாதிரி எழும்பிச்சே, அந்த நாள். நான் மேசை மேல இருந்த காலண்டரை அவங்க பக்கம் திருப்பினேன். அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ஏழாவது மாசம்.

இங்கே கொஞ்சம் நிதானமாப் படிங்க. கோர்வைப் புடவை தெரியும்தானே? உடலும் கரையும் தனித்தனியா வந்து, நெய்யும்போதே ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கும். நம்ம முகமும் அப்படித்தான் உருவாகுது. ரெண்டு பக்கத்துல இருந்தும் திசுக்கள் வளர்ந்து வந்து நடுவுல சேரணும். மேலுதடு சேர்ற வேலை கருவோட நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவுல முடிஞ்சுடும். உள்ளே இருக்கற மேலண்ணம் அதுக்குக் கொஞ்சம் பின்னாடி சேரும். கோர்வை விட்டுப்போச்சுன்னா அதுதான் பிளவு. இந்தக் குழந்தைக்கு உதடு கூடவேண்டிய காலம் 2022 ஜூன் மாசத்தோட முடிஞ்சுபோச்சு. நவம்பர்ல அவ கத்திரி எடுத்தா என்ன, அரிவாள் எடுத்தா என்ன?

இன்னொண்ணையும் கவனிங்க. வீட்டுல ஒரு பொண்ணை "நீ வெளியே வராதே"ன்னு உட்கார வைக்கறது எப்போ? வயிறு தெரிய ஆரம்பிச்ச பிறகுதானே. அப்போ பாப்பாவுக்கு உதடு கூடி முடிஞ்சு வாரக்கணக்கு ஆகியிருக்கும். முடிஞ்ச புடவைக்குக் காவல் இருக்கற கதை.

அப்போ காரணம் என்ன? பரம்பரை ஒரு பங்கு. கர்ப்பத்தோட ஆரம்பத்துல சாப்பிட்ட சில வலிப்பு மாத்திரைகள், கட்டுக்குள்ள இல்லாத சர்க்கரை, புகை, இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். (வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டர்கிட்ட பேசுங்க.) நிறையப் பேருக்கு இதுதான்னு ஒரு காரணத்தைக் கை காட்ட முடியாது. உலகத்துல ஏறக்குறைய 700 குழந்தைக்கு ஒண்ணு இப்படிப் பிறக்குது. கிரகணமே தெரியாத ஊர்லயும் பிறக்குது.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்ல. மெக்சிகோவுல ஆஸ்டெக் மக்கள், கிரகணம்னா நிலாவை ஏதோ கடிக்குதுன்னு நினைச்சாங்க. அதைக் கர்ப்பிணி பார்த்தா பிள்ளை உதட்டையும் கடிச்சுடும்னு பயந்தாங்க. அதுக்குப் பரிகாரமா, எரிமலைக் கண்ணாடியில செஞ்ச கத்தியை வயித்துப் பக்கம் வெச்சுக்குவாங்களாம். அங்கே கத்தி காவல், இங்கே கத்தி ஆபத்து. ரெண்டு ஊர்லயும் பழி மட்டும் தாய்க்கு. இங்கிலாந்துல 1862-ல பிறந்த ஜோசப் மெரிக்கை 'யானை மனிதன்'னு காட்சிக்கு வெச்சாங்க. தன் தாய் கர்ப்பமா இருந்தப்போ யானை மோதிக் கீழே விழுந்ததாலதான் தனக்கு இந்த உடம்புன்னு அவரே கடைசி வரைக்கும் நம்பினார். டேவிட் லிஞ்ச் 1980-ல அவரைப் பத்தி எடுத்த படம் யானைங்களோடதான் தொடங்குது. திகில் சினிமாவுக்கு இந்த நம்பிக்கை அவ்வளவு வசதி.

எங்க ஆரணிப் பாட்டி 'அம்புலி' பார்த்ததில்ல. அந்தப் படத்தை எடுத்தவங்கதான் அவங்களை மாதிரி பாட்டிங்களைப் பார்த்திருக்காங்க.

ஆனா படத்தை நான் குறை சொல்ல வரலை. இன்னும் சொன்னா, அதுல எனக்குப் பிடிச்ச இடமே வேற. ஊர் நிலாவைக் கை காட்டுது. கதை கடைசியில ஊசி வெச்சிருக்கற ஒரு ஆளைக் கை காட்டுது. நிஜ வரலாறும் அந்த இடத்துக்குத்தான் வருது.

1957 அக்டோபர்ல மேற்கு ஜெர்மனியில தாலிடோமைடுன்னு ஒரு தூக்க மாத்திரை கடைக்கு வந்தது. ரொம்பப் பாதுகாப்பானதுன்னு விளம்பரம். மசக்கை வாந்திக்குக் கர்ப்பிணிங்களும் சாப்பிட்டாங்க. கை கால் முழுசா வளராம குழந்தைங்க பிறக்க ஆரம்பிச்சது. ஆஸ்திரேலியாவுல வில்லியம் மெக்பிரைடு, ஹாம்பர்க்ல விடுகிண்ட் லென்ஸ், ரெண்டு டாக்டருங்க தனித்தனியா இந்த மாத்திரையைச் சந்தேகப்பட்டாங்க. 1961 நவம்பர் கடைசியிலதான் ஜெர்மனியில அதைத் திரும்ப எடுத்தாங்க. அதுக்குள்ள உலகம் முழுக்கப் பத்தாயிரம் குழந்தைங்களுக்கு மேல பாதிப்பு. அமெரிக்காவுல ஃபிரான்சிஸ் கெல்சிங்கற ஒரு பெண் அதிகாரி, சோதனை ஆதாரம் போதாதுன்னு அனுமதிக் கையெழுத்தே போடலை. அந்த நாடு பெரும்பாலும் தப்பிச்சது. அந்தத் தாய்மாருங்க டாக்டர் கொடுத்ததைத்தான் நம்பிச் சாப்பிட்டாங்க.

சோளக்காட்டு மிருகம் கற்பனை. ஒரு தாய்க்குத் தெரியாமலே அவ வயித்துல சோதனை நடக்கும்ங்கறது கற்பனை இல்ல.

அந்த ரெண்டு டைரக்டர்களும் இதை விடலைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். பத்து வருஷம் கழிச்சு, 2022 நவம்பர்ல, சமந்தாவை வெச்சு 'யசோதா' எடுத்தாங்க. வாடகைத்தாய்ப் பொண்ணுங்களை ஒரு சொகுசு இடத்துல வெச்சு என்ன பண்றாங்கங்கறது கதை. வாடகைத்தாய் சட்டம் இந்தியாவுல அமலுக்கு வந்ததும் அதே 2022 ஜனவரியிலதான். அங்கே நிலாவும் இல்ல கிரகணமும் இல்ல. பயம் முழுக்க மருத்துவமும் பணமும். 'அம்புலி'யோட பாதி நம்பிக்கையை உதிர்த்துட்டு மறு பாதியை மட்டும் வளர்த்தெடுத்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சது.

கிரகணம் நிஜத்துல என்ன கெடுதல் பண்ணும்னும் சொல்லிடறேன். 2025 செப்டம்பர் 7 ராத்திரி, நிழல் பட ஆரம்பிச்சு விலகற வரைக்கும் ஏறக்குறைய மூணரை மணி நேரம். ஒன்பதாவது மாசப் பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தப்போ மணி ரெண்டு. பனிக்குடத் தண்ணி கசிய ஆரம்பிச்சது பத்தரைக்கு. கிரகணம் விடட்டும்னு வீட்டுல காத்திருந்திருக்காங்க. மத்தியானத்துல இருந்து சாப்பாடும் இல்ல, தண்ணியும் இல்ல. நாக்கு வறண்டு, நாடி ஓடுது. நல்லவேளை, தாயும் பிள்ளையும் நல்லபடியா வீட்டுக்குப் போனாங்க. எல்லா ராத்திரியும் அப்படி முடியும்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. சர்க்கரைக்கு இன்சுலின் போடற கர்ப்பிணி பட்டினி கிடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கி மயங்கி விழலாம். சிறுநீரை அடக்கினா தொற்று வரலாம். குழந்தை அசைவு குறைஞ்சா விடியற வரைக்கும் காத்திருக்க முடியாது.

அந்த ஜனவரிக் குழந்தைக்கு உதடு மட்டும்தான் பிளவு, அண்ணம் சரியா இருந்தது. அதனால தாய்ப்பால் குடிக்க முடிஞ்சது. அண்ணமும் பிளந்திருந்தா உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியா வரும். அப்போ பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி வெச்சு, பாலாடையிலயோ சங்குலயோ கொஞ்சம் கொஞ்சமாக் கொடுக்கணும். உதட்டுக்கு மூணு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ளயும், அண்ணத்துக்கு ஒன்பது மாசத்துல இருந்து ஒண்ணரை வயசுக்குள்ளயும் பொதுவா ஆபரேஷன் செய்வாங்க. அரசுக் குழந்தை நலத் திட்டத்துலயும் முதலமைச்சர் காப்பீட்டுலயும் இதுக்கு வழி இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டாலே எங்கே போகணும்னு சொல்லிடுவாங்க. அவளுக்கு நாலாவது மாசம் செஞ்சாங்க. இப்போ தையல் போட்ட கோட்டைத் தேடித்தான் பார்க்கணும்.

2028 டிசம்பர் 31 ராத்திரி நம்ம நாட்டுல முழு சந்திர கிரகணம் தெரியும். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால பார்க்கலாம். சூரிய கிரகணத்தைத்தான் யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது. அன்னிக்கு உங்க வீட்டுல ஒரு கர்ப்பிணி இருந்தா, எப்பவும் போல சாப்பிட வெச்சு, மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து, விருப்பப்பட்டா மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. படி ஏறும்போது மட்டும் கையைப் பிடிச்சுக்கோங்க.