வாத்தியார் இல்லாமல் ஆர்கன் - எட்வர்ட் எல்கர்

அமெரிக்கப் படங்களில் பட்டமளிப்பு விழா வந்தால் பின்னணியில் நிதானமான, கம்பீரமான ஒரு மெட்டு கேட்கும். மாணவர்கள் அங்கி போட்டுக்கொண்டு வரிசையாக நடந்து வருவார்கள். 1901-இல் அந்த அணிவகுப்பு இசையை எழுதியவர் இங்கிலாந்துக்காரரான எட்வர்ட் எல்கர். 1905-இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது இதை வாசித்தார்கள். அப்படியே பட்டமளிப்பு விழாக்களோடு ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், எல்கர் கல்லூரியில் படித்ததே இல்லை!

1857-இல் வூஸ்டர் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா பியானோவுக்கு சுருதி சேர்ப்பவர். ஊருக்குள் இசைக் கருவிகளும் இசைப் புத்தகங்களும் விற்கும் கடை வைத்திருந்தார். செயின்ட் ஜார்ஜ் கத்தோலிக்க சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். பையனுக்கோ ஜெர்மனியில் உள்ள லைப்சிக் போய் இசை படிக்க வேண்டும் என்று கனவு. அதற்காக ஜெர்மன் மொழி கூடப் படிக்க ஆரம்பித்தான். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் முடிந்ததும் 1872-இல் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா வேலை.

ஆர்கன் என்றால் கல்யாணக் கச்சேரியில் பார்க்கிற கீபோர்டு இல்லை. சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான குழாய்கள். காற்று உள்ளே போனால்தான் சத்தம் வரும், அதற்கு அந்தக் காலத்தில் ஒரு ஆள் துருத்தி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கைக்கும் அடுக்கடுக்காகக் கட்டைகள், காலுக்குத் தனியாகக் கட்டைகள். எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதற்கு இழுக்கும் பிடிகள் வேறு. கையும் காலும் வேறு வேறு ராகம் போட வேண்டிய இந்த வாத்தியத்தைத்தான் எல்கர் ஆசிரியர் இல்லாமல் படித்தார்.

எப்படி? சின்ன வயதிலேயே சர்ச்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது ஒரு வழி. இன்னொரு வழி, கடை! ரிங்க், பெஸ்ட் இருவரும் எழுதிய ஆர்கன் பயிற்சிப் புத்தகங்கள், கேட்டல், செருபினி ஆகியோரின் பாடநூல்கள் எல்லாவற்றையும் தானே உட்கார்ந்து படித்தார். விற்க வந்த சரக்கை எல்லாம் ஓசியில் படிக்கிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பள்ளியை விட்ட அதே 1872-இல் சர்ச்சில் பூசைக்கு வாசித்தும் விட்டார்.

1870களில் வூஸ்டர் கதீட்ரலில் புதிய பெரிய ஆர்கன் ஒன்று வைத்தார்கள். அதை வாசிக்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஜார்ஜில் பூசை சீக்கிரம் முடியும், கதீட்ரலில் தாமதமாக முடியும். இங்கே கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் எல்கர் அங்கே ஓடுவார், ஆராதனை முடிவில் வாசிக்கும் இசையையாவது கேட்டுவிட வேண்டும் என்று. பைசா செலவில்லாத வகுப்பு.

வக்கீல் ஆபீஸ் ஒரு வருஷம்தான் தாங்கியது. 1873-இல் விட்டுவிட்டு வயலின் சொல்லிக் கொடுப்பது, கடையில் ஒத்தாசை என்று பிழைத்தார். (வயலினுக்கு மட்டும் பின்னால் லண்டன் போய் ஓர் ஆசிரியரிடம் சில பாடங்கள் கேட்டுக்கொண்டார்.) 1878-இல் மொசார்ட்டின் ஜி மைனர் சிம்பொனியை எடுத்து வைத்துக்கொண்டு, அதே அமைப்பில், அதே அளவில் தானும் ஒன்று எழுதிப் பழகினார். யாரும் கொடுக்காத வீட்டுப்பாடம்!

1885-இல் அப்பாவின் இடத்துக்கு வந்து செயின்ட் ஜார்ஜ் ஆர்கன் வாசிப்பவர் ஆனார். சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே தோன்றும்? சில நாளிலேயே ஒரு டாக்டர் நண்பருக்கு, இப்போது முழு ஆர்கன்காரன் ஆகிவிட்டேன், வெறுப்பாக இருக்கிறது என்ற பொருளில் கடிதம் எழுதினார். ஆசைக்கு ஓடிப்போய்க் கேட்டது வேறு, வாராவாரம் கட்டாயம் உட்கார வேண்டும் என்பது வேறு போலிருக்கிறது. 1889-இல் கல்யாணமானதும் அந்த வேலையை விட்டுவிட்டு லண்டன் போனார்.

லண்டன் கைகொடுக்கவில்லை, சொந்த ஊர்ப் பக்கமே திரும்பினார். ஆர்கனையும் அடியோடு விடவில்லை. 1895-இல் அமெரிக்க விருந்தினர்கள் வூஸ்டர் வந்தபோது நாலு பகுதிகள் கொண்ட ஆர்கன் சொனாட்டா ஒன்றை அவர்களுக்காக எழுதினார். வாசித்தவர் ஹ்யூ ப்ளேர். கைக்கு வந்து சில நாட்களே ஆனதால் அன்றைக்கு அது சரியாக அமையவில்லை. வாசித்த இடம், பையனாக எல்கர் ஓடிப்போய்க் கேட்ட அதே கதீட்ரல்.