ஒரு பெயரில் இரு மரங்கள்: சுவிற்சர்லாந்தை முன்வைத்து வாதுமையின் வரலாறு

பயிர்களின் பிறப்பிடத்தைக் கண்டறியத் தாவரவியல், தொல்லியல், வரலாறு, மொழியியல் ஆகிய நான்கையும் ஒருங்கே துணைக்கொள்ள வேண்டும் என்ற முறையை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஜெனீவாவில் வாழ்ந்து பணியாற்றிய அல்போன்ஸ் து காந்தோல் (1806–1893). பயிர்த் தாவரங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1883ஆம் ஆண்டைப் பதிப்பாண்டாகக் கொண்டது. மொழிச்சான்றை மதித்த அவரே, மக்கள் வழங்கும் பெயர்களை ஆராயாது நம்பலாகாது என்றும் எச்சரித்தார். அமெரிக்காவில் தோன்றிய மக்காச்சோளத்தைப் பிரெஞ்சு மொழி ‘துருக்கிக் கோதுமை’ என்றழைத்தமை அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. அவ்வெச்சரிக்கையைத் தமிழில் பொருத்திப் பார்ப்பதற்கு வாதுமையினும் ஏற்ற சொல் அரிது.

வாதுமை மேற்காசியாவுக்கும் நடு ஆசியாவுக்கும் உரிய மரம். காட்டு வாதுமையின் பருப்பு கசப்பது. அக்கசப்புக்குக் காரணமான அமிக்டலின் என்னும் சேர்மம் நசுக்கிய பருப்பில் நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் சயனைட்டை வெளிவிடுகிறது. மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றத்தால் இனிப்புப் பருப்புத் தந்த மரங்களை மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எகிப்திய மன்னர் துட்டன்காமுனின் கல்லறையில் வாதுமை கிடைத்துள்ளது. உரோமர் அதனைக் ‘கிரேக்கக் கொட்டை’ என்றனர். அப்பெயர் குறிப்பது கொட்டை வந்த வழியையே. மரம் பிறந்த நாட்டையன்று.

இம்மரத்துக்குக் குளிர்காலத்தில் போதிய குளிர் வேண்டும்; ஆயினும் குளிர் முழுதும் நீங்குமுன்னரே அது பூத்துவிடுகிறது. ஆதலால் சுவிற்சர்லாந்தின் பெரும்பகுதியில் உறைபனி பூவை அழிக்கிறது. தமிழ்நாட்டின் சமவெளியிலும் ஈழத்திலும் பூப்பதற்கு வேண்டிய குளிரே இல்லை. மழை குறைந்த வலே மாநிலத்தில், சியோன் நகரை ஒட்டிய குன்றுகளின் வறண்ட சரிவுகளில் தாமாகவே வேரூன்றிய வாதுமை மரங்கள் நிற்பது விதிவிலக்கு. எனவே, எதிரெதிர்க் காரணங்களால், இரு நிலத்தாரும் வாதுமையை மரமாக அன்றி வணிகர் கொணர்ந்த பருப்பாகவே அறிந்தனர்.

மரம் அரிதாயிருந்தும் சுவிஸ் சமையலில் பருப்புக்குக் குறைவில்லை. பாசல் நகரின் லெக்கர்லி தேனும் வாதுமையும் பதப்படுத்திய பழத்தோலும் சேர்ந்தது. அதனை அந்நகரில் 15ஆம் நூற்றாண்டில் கூடிய திருச்சபைப் பேரவையோடு இணைக்கும் கதை சுவையானதே. வரலாறாகக் கொள்ளத் தக்கதன்று. ஆர்காவு மாநிலத்தின் கரட் கேக் வாதுமை மாவாலேயே உருப்பெறுகிறது. சூரிச்சில் மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ச்சர்-பென்னர் 1900ஆம் ஆண்டளவில் நோயாளருக்கு வகுத்த ஆப்பிள் உணவில், அதாவது இன்றைய மூஸ்லியில், துருவிய வாதுமை அல்லது ஹேசல் கொட்டை இடம்பெற்றது. 1908இல் பேர்ன் நகரில் தோன்றிய டொப்லரோன் சாக்லேட்டினுள் இருப்பதும் தேனும் வாதுமையும் கலந்த நூகா. சுக் நகரின் கிர்ஷ் கேக்கில் வாதுமை அடுக்குகள் செரிப்பழ மதுவோடு சேர்கின்றன. வாதுமையும் செரியும் புரூனஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதை அதை உண்போர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

தமிழ் நிலம் பருப்போடு பெயரையும் பெற்றது. சரக சங்கிதையில் ‘வாதாம’ என்னும் பெயர் அக்ரூட் முதலிய கொட்டைகளுடன் எண்ணப்படுகிறது. நடுக்காலப் பாரசீகத்தின் ‘வாதாம்’ என்ற வடிவோடு அது நெருங்கியது; பிற்காலப் பாரசீகத்தில் அதுவே ‘பாதாம்’ ஆயிற்று. வகரத்தில் தொடங்கும் வாதுமை முந்திய வடிவையும், பாதாம் பிந்திய வடிவையும் தமிழில் பேணுகின்றன. அருமை, பெருமை என்பவற்றோடு ஒத்தொலிக்கும் ஈறு இக்கடன்சொல்லின் அயன்மையை மறைத்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசமோ ‘வாதத்தின் பகை’ என்று பொருள்படும் பெயரொன்றைத் தருகிறது. ஒலியொப்புமை மருத்துவக் குணமாக விளக்கம் பெற்றதற்கு இது நல்ல சான்று.

பெயர் வந்தபின் அதற்கொரு மரமும் தேவைப்பட்டது போலும். கடற்கரைகளிலும் வீட்டு முற்றங்களிலும் நிழல் தந்து, உதிருமுன் இலை சிவக்கும் நாட்டு வாதுமை அவ்விடத்தைப் பெற்றது. அதன் தாவரவியற் பெயரான டெர்மினேலியா கற்றப்பாவில் உள்ள ‘கற்றப்பா’ மலாய் மொழியின் ‘கெத்தாப்பாங்’ என்பதிலிருந்து வந்தது. அதன் உறவினங்கள் மருது, கடுக்காய், தான்றி. கொட்டையினுள் உண்ணத்தக்க பருப்பு இருப்பதைத் தவிர இரு மரங்களுக்கும் உறவில்லை. முந்திரிகை என்ற திராட்சையின் பெயர் போர்த்துக்கேயர் கொணர்ந்த அமெரிக்க மரமொன்றுக்குச் சென்றதும் இத்தகையதே. ஆனால் அங்கு ஈழத்தமிழ், பழத்தை முந்திரிகை எனவும் கொட்டையை மரமுந்திரிகை எனவும் பிரித்து மயக்கத்தைத் தவிர்த்துக்கொண்டது.

1980களிலிருந்து சுவிற்சர்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழரிடையே இம்மயக்கம் நடைமுறைச் சிக்கலாகிறது. பெற்றோர் நினைவிலுள்ள ‘வாதுமை மரம்’ முற்றத்து மரம்; பிள்ளை ஜேர்மன் மொழியில் அறியும் ‘மாண்டல்’ கடையிற் பெறும் பருப்பு. நாட்டு வாதுமை இலையைக் கூறும் மருத்துவக் குறிப்பை ‘மாண்டல்’ எனப் பெயர்த்தால் அக்குறிப்பு வேறொரு மரத்துக்கு உரியதாகிவிடும். ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கையும் கசப்பு வாதுமையின் நச்சு பற்றிய எச்சரிக்கையும் மறுதிசையில் அவ்வாறே பிறழும்.

து காந்தோல் எழுதிய பிரெஞ்சு மொழி இவ்விரண்டையும் பிரித்து வைத்துள்ளது: ஒன்று ‘அமாந்தியே’, மற்றது பாதாமிலிருந்தே பிறந்த ‘பதாமியே’. ஜேர்மன் மொழியிலும் பின்னதற்குக் ‘கற்றப்பன்பாவும்’ என்ற தனிப்பெயர் உண்டு. தமிழிலும் கடைப்பருப்பைப் பாதாம் என்றும் முற்றத்து மரத்தை நாட்டு வாதுமை என்றும் வழங்கும் போக்கு, சீராக இல்லாவிடினும், காணப்படுகிறது. புலம்பெயர் மாணவர்க்கான ஜேர்மன்–தமிழ் அகராதிகள் இவ்வழக்கை ஏற்று ‘மாண்டல்’ என்பதற்குப் பாதாம் என்றும், ‘கற்றப்பன்பாவும்’ என்பதற்கு நாட்டு வாதுமை என்றும் தனித்தனிப் பதிவுகள் தருவதே தக்கது. அடைமொழியில்லாத ‘வாதுமை’ பழைய நூல்களில் வருமிடத்து, எம்மரம் கருதப்பட்டது என்பதைப் பதிப்பாசிரியர் இடந்தோறும் குறித்தாக வேண்டும்.